பூசையிற் பட்டாடை: ஓர் ஆராய்ச்சி

சிவபூசைக்குரிய ஆடைகளுட் பட்டே தலையாயது என்பது நம்மவருள் நெடுங்காலமாக வேரூன்றிய கொள்கை. அன்பர் ஒருவர் நீராடிப் பட்டு உடுத்து, நீறு பூசி, சிவபுராணம் ஓதத் தொடங்குகின்றார். உயிர் எடுத்து இளைத்த பிறவிகளை எண்ணுமிடத்து மணிவாசகப் பெருமான் புழுப்பிறவியையும் ஒன்றாக வைத்து ஓதியருளினார். அவ்விடத்தை ஓதுங்கால் அவ்வன்பர்தம் அரையில் இருப்பது புழுவைக் கொன்று எடுத்த நூல். இம்முரண் அடியேனுக்கும் பல ஆண்டுகள் புலப்பட்டிலது. எந்தையார் தந்த பட்டு வேட்டியை உடுத்தே யானும் பூசை செய்து வந்தேன்.

பட்டு உண்டாகும் முறையை முதற்கண் அறிதல் வேண்டும். முசுக்கட்டை இலையை உண்டு வளரும் புழு, நான்கு முறை தோலுரித்து, முடிவில் தன் வாயினின்று ஊறும் இழையால் தன்னைச் சுற்றிக் கூடு கட்டிக்கொள்கின்றது. உள்ளே அது கூட்டுப்புழுவாகிக் கிடந்து, சில நாள் கழித்து அந்துப்பூச்சியாய்க் கூட்டைத் துளைத்து வெளிவரல் இயற்கை. துளைபட்டால் இழை அறும். ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் வரை அறாது நீளும் அவ்விழையின் பொருட்டே, பூச்சி வெளிவருமுன் கூடுகளை நீராவியிலோ வெப்பக் காற்றிலோ இட்டு உள்ளிருக்கும் உயிரைக் கொல்கின்றனர். ஒரு கிலோ கச்சாப் பட்டுக்கு ஆறு முதல் எட்டுக் கிலோ கூடுகள் வேண்டும். எண்ணின் அவை சில ஆயிரத்துக்குக் குறையா. ஈண்டுக் கொலை தவறி நேர்வதன்று; அதுவே தொழிலின் ஒரு படி.

பட்டு என்றும் தூயது, தீட்டு அதனைப் பற்றாது என்பர் ஒரு சாரார். இவர் கூறும் தூய்மை உடுப்பவனது தீண்டலைப் பற்றியதே அன்றி, ஆடை வந்த வழியைப் பற்றியதன்று. இரண்டையும் ஒரு சொல்லால் வழங்குதலின் மயக்கம் விளைந்தது. மடிக்குப் பட்டே வேண்டுமென்னும் நியதியும் இல்லை. மரவுரி பண்டு முனிவர்க்கு ஆடையாயிற்று. நார்மடி என்னும் பெயரே நாராலாகிய துணியைச் சுட்டும். தோய்த்து உலர்த்திய பருத்தியும் மடியேயாம். இனித் திருமூலர் கூறுவதை நோக்குக. பூசைக்குரிய மலர்கள் பலவற்றுள்ளும் பிற உயிர்களைக் கொல்லாமையே ஒண்மலர் என்றார் அவர். அணு என்னும் சொல்லால் உயிரைக் குறித்தமையின், எத்துணைச் சிற்றுயிரும் அதனுள் அடங்கும். அம்மலரை இட விரும்புவார் அதற்கு மாறாயதை உடுத்து இடுதல் யாங்ஙனம் பொருந்தும்?

இறைவனே புலித்தோல் உடுத்தான், யானையுரி போர்த்தான், ஆகலின் நமக்குக் குற்றமில்லை என்பாரும் உளர். இறைவன் நஞ்சும் உண்டான்; அதனை இவர் பின்பற்றுவாரோ! தாருகவனத்து முனிவர் ஏவிய புலியும், வழுவூரில் உரிக்கப்பட்ட யானையும் காட்டில் மேய்ந்த விலங்குகள் அல்ல. முப்புரமாவது மும்மல காரியமே என்று திருமூலர் பொருள் விரித்த நெறியிலே நின்று, அவ்வுரிகளையும் மலவலி அடங்கிய குறியாகக் கொள்வதே சித்தாந்தத்துக்கு ஒத்தது. அருட்செயலைக் காட்டிக் கடைத்தெருக் கொள்முதலை நிறுவுதல் வழக்கன்று. மான்தோல் பூண்ட முனிவரைத் திருமுருகாற்றுப்படை காட்டுகின்றதே எனின், உண்மை. பதினோராந் திருமுறையுட் சேர்ந்த அந்நூலின் சான்றை மறைக்க யாம் விரும்பேம். அத்தோல் தானே இறந்த மானினதோ, கொன்ற மானினதோ என்பது நூலிற் சொல்லப்படவில்லை. அதனால் அவ்விடம் இரு திறத்தார்க்கும் சான்றாகாது.

பண்டைத் தமிழர் உடுத்தனரே என்பது மற்றொரு வாதம். பட்டினாலும் மயிரினாலும் பருத்தியினாலும் நெய்யும் காருகரைச் சிலப்பதிகாரம் கூறும். மயிர் என்பதற்கு எலிமயிர் என்று அடியார்க்குநல்லார் உரைத்தார். எலிமயிர்ப் போர்வை சிந்தாமணியிலும் பேசப்படுகின்றது. கொல்லாமையைத் தலையாய அறமெனக் கொண்ட சமணப் புலவர் காப்பியத்தில் இஃது இடம்பெற்றமை வியப்பே. ஆயின் காப்பியம் வழக்கைச் சொல்லும், விதி செய்யாது. விதி வேண்டுவார் குறளை நாடுக. தின்பார் இன்றேல் ஊன் விற்பாரும் இலர் என்பது புலால் மறுத்தலில் வள்ளுவர் காட்டிய காரண முறை. தின்பார் நின்ற இடத்தில் உடுப்பாரை வைத்து நோக்குக. வாதம் ஓர் எழுத்தும் பிறழாது. ஊனைக் கையாலும் தொடாத நம்மவர், புழு அவிந்த நூலை விரும்பி விலைக்குக் கொள்ளுங்கால் இக்குறளை மறப்பது ஏன்?

இவ்விடர் நமக்கே உரியதன்று. மென்மயிர்த் தோலுக்காக விலங்குகளைக் கூட்டில் அடைத்து வளர்த்தலை இங்கிலாந்து 2000-ஆம் ஆண்டிற் சட்டத்தால் விலக்கியது. 2021-இல் இசிரேல் நாடு அத்தகைய தோலாடை விற்பனையைத் தடுத்தது. ஆயினும் சமய வழக்குக்கு விலக்களித்தது. யூதருள் ஒரு சாரார் ஓய்வுநாளிலும் திருநாளிலும் அணியும் ஷ்ட்ரைமல் என்னும் தொப்பி மயிர்த்தோலால் ஆவது. அழகுக்காக அணிவோன் தடுக்கப்படுகின்றான். இறைவன் பெயரால் அணிவோன் விடப்படுகின்றான். அரசு தன் குடிகளின் சமயத்தில் தலையிடாமை முறையே. ஆனால் உயிர்க்கொலைக்கு இறைவன் பெயரே புகலிடமாகும் நிலை எச்சமயத்தார்க்கும் நாணுத் தருவது. மிங்க், நரி முதலியவற்றின் தோல் இறக்குமதியை இந்தியா 2017-இல் நிறுத்தியபொழுது மகிழ்ந்த நம்மவர் தம் பெட்டியைத் திறந்து பார்த்தார் அல்லர்.

அகிம்சைப் பட்டு என ஒன்று இக்காலத்து விற்கப்படுகின்றது. பூச்சி வெளிவந்தபின் எஞ்சிய கூட்டைப் பருத்திபோல் நூற்று நெய்வது அது. கருத்து நன்றே, பெயரளவில் நம்புதல் நன்றன்று. அசாமில் விளையும் எரிப் பட்டின் கூடு இயல்பாகவே ஒருபுறம் வாய்திறந்தது. அதனைக் கொல்லாது நூற்கலாம். எனினும் ஆங்குக் கூட்டுப்புழுவை உணவாகக் கொள்வோர் பலர் ஆகலின், எரிப் பட்டெல்லாம் கொலை நீங்கியதென்று துணிதல் இயலாது. வாங்குவார் வினவியே கொள்ளல் வேண்டும்.

காஞ்சியிலும் ஆரணியிலும் திருபுவனத்திலும் தறியையே நம்பி வாழும் குடிகள் உள. அவர்தம் கைத்திறம் நூலைப் பற்றியதன்று. பருத்தியிலும் அது விளங்கும். ஆனால் பருத்திக்குப் பட்டின் கூலி கிடையாது என்பதை மறைத்துப் பேசுதல் நேர்மையாகாது. பட்டை விடுவோர் பருத்திச் சேலைக்கு உரிய விலையைக் கொடுக்க முன்வரல் வேண்டும்.

எந்தையாரின் வேட்டியை யான் இன்னும் எறிந்திலேன்; உடுப்பதும் இல்லை. கோயில் முழவின் தோலும், கவரிமாவின் வாலாலாகிய வெண்சாமரையும் இவ்வாராய்ச்சியுள் வந்து நிற்கின்றன. முழவுக்கு இறந்த விலங்கின் தோல் போதுமா என்பதைத் தோல் மூட்டுவாரிடமே கேட்டறிதல் வேண்டும். அதனைப் பிறிதொருகால் எழுதுவாம்.