சங்கக்கடையும் சம்பளச்சிட்டையும்

கூட்டுறவைப் பலப்படுத்தினால் வேலைவாய்ப்புப் பெருகும் என்பதை இலங்கையில் எந்தக் கட்சியும் மறுப்பதில்லை. ஐக்கிய நாடுகள் சபை 2012க்குப் பிறகு 2025ஐயும் சர்வதேசக் கூட்டுறவு ஆண்டாக அறிவித்தது. ஆனால் பெருகப்போவது எப்படிப்பட்ட வேலை, அதை யார் ஆளப்போகிறார்கள் என்று கேட்டால் பேச்சு அடங்கிவிடுகிறது.

வெள்ளவத்தையில் காலி வீதியின் புடைவைக் கடைகளிலும், கொட்டாஞ்சேனையின் பலசரக்குக் கடைகளிலும் சாப்பாட்டுக் கடைகளிலும் நிற்கும் பிள்ளைகளில் பலர் மலையகத்திலிருந்து வந்தவர்கள். சாப்பாடும் தங்குமிடமும் முதலாளி தருவார். நியமனக் கடிதம் கேட்டால் அவர் முகம் மாறும். ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958இலேயே வந்துவிட்டது. முதலாளி 12 வீதம், தொழிலாளி 8 வீதம் போட வேண்டும் என்கிறது அது. இந்த 20 வீதம் எந்தக் கணக்கிலும் ஏறாத கடைகளுக்கு நகரத்தில் குறைவில்லை.

பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தின் கடையில் நிற்பவர் நிலை வேறு. அவருக்குச் சேமலாப நிதி உண்டு, நம்பிக்கை நிதி உண்டு. நியமனத்தையும் சம்பளத்தையும் ஒழுக்காற்று விசாரணையையும் முறைப்படுத்த 1972இல் கூட்டுறவு ஊழியர் ஆணைக்குழுவுக்கே தனிச்சட்டம் வந்தது. காலையில் வேலைக்கு வந்தவரை மாலையில் 'நாளைக்கு வராதே' என்று சொல்லி அனுப்ப முடியாது. கண்ணியமான வேலை என்று சர்வதேசத் தொழில் அமைப்பு சொல்வதில் பாதியை இந்த நாட்டுக் கூட்டுறவு அரை நூற்றாண்டுக்கு முன்பே எழுத்தில் வைத்துவிட்டது. சங்கக்கடை என்றால் வெறும் அலுமாரியும் தூங்கும் காசாளரும்தான் என்று சிரிப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

அந்தச் சிரிப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. 1911இன் சட்டத்தோடு சிறு கடன் சங்கங்களாகத் தொடங்கிய இயக்கத்தைப் போர்க்காலப் பஞ்சம் வேறொன்றாக மாற்றியது. 1942இல் சில பத்தாக இருந்த பண்டகசாலைச் சங்கங்கள், பங்கீட்டுச் சாமான் கொடுக்கவென்று மூன்றே ஆண்டில் நாலாயிரம் அளவுக்குப் பெருகின. பிலிப் குணவர்தன உணவு, விவசாய அமைச்சராக இருந்தபோது 1957இல் பலநோக்குச் சங்கங்களைக் கொண்டுவந்தார். எழுபதுகளின் தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட சங்கங்களை ஒன்றாக்கி 372 பெரிய சங்கங்கள் ஆக்கினார்கள். கூடவே பணிப்பாளர் சபைகளில் பெரும்பான்மையோரை அரசே நியமிக்கும் நிலை வந்தது. பெயர் மட்டும் அங்கத்தவருடையது, சாவி கொழும்பில். 1977இல் பொருளாதாரம் திறக்கப்பட்டு, 1979இல் கூப்பன் அரிசி உணவு முத்திரையாக மாறியபோது சங்கங்களுக்குக் கை உடைந்த மாதிரி ஆயிற்று. பங்கீட்டை நம்பி வளர்ந்தவற்றுக்கு அதை விட்டால் பிழைப்பில்லை. 1983இல் கொழும்பு ஸ்டேபிள்ஸ் வீதியில் முதல் ஃபூட் சிட்டி சுப்பர் மார்க்கெட் திறந்தது. அதற்குப் பின் வந்த சுப்பர் மார்க்கெட்டுகளோடு விலையில் போட்டியிடப்போன சங்கங்கள் தோற்றதில் வியப்பில்லை.

இன்றுள்ள நோய் அரசு நியமனம் அல்ல, கட்சி. 2024இன் இறுதியிலும் 2025இன் தொடக்கத்திலும் நடந்த சங்கத் தேர்தல்களைப் பத்திரிகைகள் எப்படி எழுதின? ஆளுங்கட்சி தோற்றது, எதிர்க்கட்சி வென்றது என்றுதான். தோற்ற சபையின் கீழ் ஊழியரின் சம்பளம் நேரத்துக்கு வந்ததா, கடை இலாபத்தில் ஓடியதா என்று எந்தத் தலைப்பும் கேட்கவில்லை. கட்சிக்காரர் சபைக்கு வந்தால் கட்சிக்காரரின் மருமகன் கவுண்டருக்கு வருவார். ஊழியர் ஆணைக்குழுவின் பாதுகாப்பு, வேலை தெரியாதவருக்கும் சேர்ந்த பாதுகாப்பாகிவிடுவது இப்படித்தான். இன்னொரு சிக்கலும் உண்டு: 1987இன் பதின்மூன்றாம் திருத்தத்தோடு கூட்டுறவு மாகாணங்களுக்குப் போனது. ஆனால் மேல் மாகாண சபையின் காலம் 2019இல் முடிந்த பிறகு தேர்தலே இல்லை; கூட்டுறவுக்குப் பொறுப்பான சபையே இல்லாமல் போயிற்று.

நாம் இவ்வளவு நேரம் பேசியது நுகர்வோர் கூட்டுறவு. அதில் வேலை செய்பவர் சம்பளக்காரர்; உரிமையாளர் வேறொருவர். வேலை செய்பவரே உரிமையாளராகும் வகைக்கு நம்மிடம் சொந்த உதாரணம் இருக்கிறது, கொழும்புத் தமிழர் அதிகம் பேசாத உதாரணம். வடக்கில் மரமேறும் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாகத் தவறணைக் குத்தகைக்காரரின் கீழ் கிடந்தவர்கள். சாதியும் கூலியும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருந்தன. எழுபதுகளில் குத்தகை முறை போய், கள்ளிறக்குவோர் கூட்டுறவுச் சங்கங்கள் வந்தன. இறக்கிய கள்ளைத் தங்கள் சங்கத்துக்கே கொடுத்தார்கள், தவறணையும் தங்களுடையதாயிற்று, சேமிப்பும் விபத்து உதவியும் சேர்ந்தன. போரும் இடப்பெயர்வும் நொறுக்கிய பிறகும் இந்தச் சங்கங்கள் எழுந்து நிற்பதற்கு ஒரே காரணம்தான்: மரத்தில் ஏறுபவர் சபையில் இருக்கிறார். குறையும் உண்டு. மரத்திலிருந்து விழுந்தால் என்ன என்ற பயம் இன்னும் போகவில்லை, பிள்ளைகள் தொழிலுக்கு வர விரும்புவதில்லை. அதை நான் குற்றமாகச் சொல்லமாட்டேன்.

கேரளத்தின் வடகரைப் பக்கத்தில் 1925இல் கூலிக்காரர் சிலர் தொடங்கிய ஊராளுங்கல் தொழிலாளர் ஒப்பந்தக் கூட்டுறவுச் சங்கம் இன்று பாலமும் நெடுஞ்சாலையும் கட்டுகிறது. அங்கே அரசு சபைக்கு ஆள் அனுப்பவில்லை, வேலையைக் கொடுத்தது. நம் நாட்டில் இது தலைகீழாக நடந்தது.

வேலை செய்பவரே உரிமையாளராகும் கூட்டுறவுக்குக் கொழும்பில் இடம் இருக்கிறதா? புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் நாட்டாமைத் தொழிலாளரைப் பாருங்கள். முதுகு தேயும்வரை வேலை, தேய்ந்த பிறகு ஒன்றுமில்லை. வெள்ளவத்தை வீடுகளில் விடியமுன் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கும் பெண்கள் ஆளுக்கொரு கடையோடு தனித்தனியாக விலை பேசுகிறார்கள். கொட்டாஞ்சேனைப் பெடியன்கள் செயலி சொன்ன இடத்துக்கெல்லாம் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறார்கள். எண்ணெய்ச் செலவு, விபத்து, எல்லாம் அவர்களுடைய பாடு. இவர்களுக்கு முதலாளி என்று நீதிமன்றத்தில் நிறுத்த ஆளில்லை. ஆகவே தொழிற்சட்டம் எட்டாத இந்த இடத்தில்தான் கூட்டுறவு தேவை. கோப் சிட்டி என்ற பெயரில் புதிதாக ஒரு கூட்டுறவுக் கடைக்கு நாடா வெட்டுவதால் அது வராது. பாடசாலை உணவையும் வைத்தியசாலைச் சாப்பாட்டையும் டெண்டருக்கு விடும்போது, இடியப்பப் பெண்கள் பதிந்த சங்கத்துக்கு ஒரு பங்கை ஒதுக்கலாம். அதிகாரிகள் கணக்காய்வோடு நின்று, சபைக்குள் கால் வைக்காமல் இருக்க வேண்டும். சங்கத் தேர்தலில் கட்சியின் கை நுழையாமல் தடுக்க வேண்டும். இவற்றைச் செய்யாமல் வரும் கூட்டுறவு நிதி எதுவானாலும் அடுத்த தேர்தலுக்கான நிதிதான்.

உங்கள் வீட்டு அலுமாரியில் அம்மாவின் பேரில் பழைய சங்கப் பங்கொன்று கிடக்கலாம். தேடி எடுத்து, அங்கத்துவம் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அடுத்த பொதுக்கூட்டத்துக்குப் போய், இந்தச் சங்கத்தில் எத்தனை பேருக்குச் சேமலாப நிதி ஒழுங்காகக் கட்டப்படுகிறது என்று எழுந்து நின்று கேளுங்கள்.