தேம்பாவணியில் அன்பும் பணிவும்

இறைவனிடத்துக் கொள்ளும் அன்பும் அவன் கட்டளைக்குப் பணிதலும் ஒன்றோ வேறோ என்பது கிறித்தவ இலக்கியம் பயிலும் தமிழ் மாணவர்க்கு இயல்பாக எழும் ஐயம். சேக்கிழார் காட்டும் கண்ணப்பரின் அன்பு பூசனை விதிகளை அறியாதது. அவ்வறியாமையே அதற்குப் பெருமையாயிற்று. யோவான் நற்செய்தியிலோ, தம்மேல் அன்புடையார் தம் கட்டளைகளைக் கைக்கொள்வர் என்னும் கருத்தை இயேசு தம் இறுதி இராவுணவின்போது சீடர்க்கு அறிவுறுத்துகின்றார். அன்பிற்குக் கட்டளை எதற்கு என வினவுவார் உளர். அவ்வினாவை ஆராய்தற்கு ஏற்ற நூல் வீரமாமுனிவரின் தேம்பாவணி (1726) என்பது என் கருத்து. 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்ட அக்காப்பியத்தின் தலைவர், பணிவையே வாழ்வாகக் கொண்ட சூசையப்பர்.

மத்தேயு நற்செய்தி அவர் பேசிய சொல் ஒன்றையேனும் தரவில்லை. கனவில் வானவன் உரைக்கின்றான். அவர் எழுந்து செய்கின்றார். கட்டளையில் வந்த வினைகளே செயலைக் கூறுமிடத்தும் மீண்டும் வருதல் நோக்கற்பாலது. மற்றொன்றும் உண்டு. மரியாளை மனைவியாக ஏற்றலைக் குறிக்கும் கிரேக்க வினைச்சொல்லே, பிள்ளையையும் தாயையும் உடன்கொண்டு எகிப்துக்குச் செல்லுதலையும் குறிக்கின்றது. தந்தை சொற்காக முடி துறந்த இராமனைக் கம்பன் வழியாக அறிந்தார்க்கு இங்குள்ள வேறுபாடு விளங்கும். சூசையப்பர் பெற்ற கட்டளை ஒருவரைத் தம் பொறுப்பில் ஏற்றுக்கொள்ளச் சொல்லும் கட்டளை. நாடு நீங்குதலும் பிள்ளையைக் காத்தற்பொருட்டே. அக்கட்டளைகள் காரணம் கூறாமல் வந்தனவும் அல்ல. கரு தூய ஆவியால் உண்டாயது என்பதும், ஏரோது பிள்ளையைக் கொல்லத் தேடுவான் என்பதும் உடன் உணர்த்தப்படுகின்றன. ஆகவே இப்பணிவைக் கண்மூடிய அடிமைத்தனம் என்பார் கூற்று பொருந்தாது.

நற்செய்தி சொல்லாது விட்ட இடங்களிலேதான் முனிவரின் கற்பனை புகுகின்றது. பால மாட்சிப் படலத்தில் இளஞ்சூசை இறைவேட்கை மிகுந்து தவஞ்செய்யக் காட்டை நாடுகின்றார். முதியவர் வடிவில் தோன்றிய வானவன், மனையில் இருந்து செய்யும் அறத்தின் உயர்வை எடுத்துரைக்கின்றான், அவரும் மீள்கின்றார். நூலின் உயிர்நிலை இதுவென்பேன். காட்டிற்குச் செல்லத் தூண்டியதும் அன்பே. ஆனால் அது தனக்குரிய வழியைத் தானே தேர்ந்துகொண்ட அன்பு. மீளச் செய்ததும் அன்பே. ஆனால் அது தேர்வை இறைவனிடம் விட்டுவிட்ட அன்பு. பணிவு என்று நாம் பிரித்துப் பேசுவது, முனிவர் நோக்கில், அன்பு தன் விருப்பத்தை விட்டுக்கொடுக்கும் அந்நிலையே. துறவியாகிய அவர் இல்லறத்தை இவ்வளவு பரிந்து பேசுவதும் சுவைக்கத்தக்கது. ஈரறமும் ஒருங்கே பொருந்திய மணவாழ்வைப் பின்னர்ப் பாடப்போகின்றார் அல்லரோ!

இந்நோக்கிற்கு அவர் சார்ந்த இயேசு சபையும் ஒரு காரணம் ஆகலாம். பணிவு அச்சபையினரின் வாக்குறுதிகளுள் ஒன்று. சபையை நிறுவிய இஞ்ஞாசியார் 1553-இல் போர்ச்சுகல் நாட்டுத் துறவியர்க்கு எழுதிய மடலில் செயலால் பணிதல், விருப்பத்தால் பணிதல், அறிவால் பணிதல் என மூன்று படிகளை வகுத்தார். இறுதிப்படியே அரிது. மத்தேயு சில தொடர்களில் முடித்த மனப்போராட்டத்தை முனிவர் ஐயம் தோற்று படலம், ஐயம் நீங்கு படலம் என இரண்டாக விரித்தது, அறிவு பணியும் அருமையைக் காட்டவே என்று கொள்ளலாம். மனைவியின் தூய்மையை நம்பும் நெஞ்சும் கண்ட உண்மையை மறுக்க இயலாத அறிவும் ஒருவரிடத்தே பொருதும்போது, எளிதில் பணிந்தார் என்று எவரும் சொல்லார்.

எனினும் குறை ஒன்று உண்டு. காப்பியத் தலைவர் பேசியாக வேண்டும் என்னும் மரபிற்கு உட்பட்டு, நற்செய்தியில் வாய்திறவாத மனிதரை முனிவர் பெரிதும் பேசவைத்துவிட்டார். எகிப்துச் செலவிலோ பழைய ஏற்பாட்டு வரலாறுகள் பல வழியிடையே விரிகின்றன. அவை தம்மளவில் இனியவையே. யானும் விரும்பிப் படித்தவன். ஆயினும் மத்தேயுவில் கனவு கண்ட அவ்விரவிலேயே எழுந்து புறப்பட்டவரின் விரைவு, கதைகளின் நடுவே நம் நெஞ்சிலிருந்து நழுவிவிடுகின்றது.