சினம், பழி, சமாதானம்: விவிலிய முரண்களும் சிவகாசி வட்டாரமும்

சினம், பழிவாங்குதல், சமாதானம் ஆகியவை குறித்து விவிலியம் முன்னுக்குப் பின் முரணாகப் பேசுகிறது என்பது பழைய விமர்சனம். யாத்திராகமம் 21:24 கண்ணுக்குக் கண் என்கிறது. மத்தேயு 5:39 மறு கன்னத்தையும் காட்டச் சொல்கிறது. யோவான் 14:27-இல் சமாதானத்தைத் தரும் இயேசு, மத்தேயு 10:34-இல் பட்டயத்தைப் பற்றிப் பேசுகிறார்.

மிஷனரி ராக்லண்ட் 1850-களில் ஊழியம் செய்து, 1858-இல் இறந்த ஊர் சிவகாசி. விருதுநகர் மாவட்டத்தின் பட்டாசுத் தொழில் பகுதியில் இந்த முரண் ஏட்டளவில் நிற்பதில்லை. ஆலை வெடிவிபத்தில் மகளை இழந்த தாய் கோபப்படலாமா, வழக்குத் தொடரலாமா என்ற கேள்வியாக அது வந்து நிற்கிறது.

சினம்

எபேசியர் 4:26 சினம் பாவமாக மாறாமல் காக்கச் சொல்கிறது. ஐந்து வசனம் தள்ளி, 4:31 சினம் முழுவதையும் விலக்கச் சொல்கிறது. மத்தேயு 5:22-இல் சிக்கல் சுவடியிலேயே தொடங்குகிறது. சீர்திருத்தச் சபையினர் வாசிக்கும் தமிழ் வேதாகமத்தில் 'நியாயமில்லாமல்' கோபிப்பவரே தீர்ப்புக்கு உள்ளாவார். 1995-இல் வெளிவந்த திருவிவிலியத்தில் அச்சொல் இல்லை. நான்காம் நூற்றாண்டு வாத்திக்கான் சுவடியில் அது இல்லை. பிற்காலச் சுவடிகள் பலவற்றில் உண்டு. ஆனால் மாற்கு 3:5-இல் கை சூம்பியவன் குணமாவதை விரும்பாதவர்கள்மீது இயேசுவே சினம் கொள்கிறார். எனவே எல்லாச் சினமும் பாவம் என்ற வாசிப்பு நற்செய்தி நூல்களுக்குள்ளேயே நிற்காது.

பழியும் பொறுப்பும்

கண்ணுக்குக் கண் என்ற விதி வரும் அதே அதிகாரத்தில் வேறு சட்டங்களும் உள்ளன. முட்டும் மாடு என்று எச்சரித்தும் கட்டிவைக்காத உரிமையாளர், அது ஆளைக் கொன்றால் குற்றவாளி ஆவார் (21:29). தீ பரவிப் பயிர் அழிந்தால் மூட்டியவர் ஈடு செய்ய வேண்டும் (22:6). மாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்டாதவர்மேல் இரத்தப்பழி சேரும் (உபாகமம் 22:8). யூத மரபின் மிஷ்னா கண்ணுக்குக் கண் என்பதையே பண ஈடாக வாசிக்கிறது. ஆகவே இவை பழிக்குப் பழி தூண்டும் சட்டங்கள் அல்ல. தெரிந்தே ஆபத்தை வைத்திருந்தவரைப் பொறுப்பாக்கும் சட்டங்கள்.

இப்பகுதிக்கு இவை அந்நியமானவை அல்ல. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர்; தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இறந்தவர் குடும்பங்களுக்குத் தலா 20 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. உள்குத்தகை, அறைக்குள் அளவை மீறிய ஆட்களும் மருந்தும் என்று விபத்துகளுக்குப் பின் பேசப்படும் காரணங்கள் திரும்பத் திரும்ப வருபவை. எச்சரிக்கப்பட்ட மாட்டின் சட்டம் இதைத்தான் பேசுகிறது.

சமாதானம்

பழிவாங்குதலைக் கடவுளிடம் விடச் சொல்லும் ரோமர் 12:19-ஐத் தனியே வாசித்தால் இழப்பீடு கேட்பதும் பழிவாங்குதல் போலத் தோன்றும். அடுத்த அதிகாரத்திலேயே (13:4) தவறு செய்பவரைத் தண்டிக்கும் பொறுப்பு ஆட்சியாளருக்குத் தரப்படுகிறது. தடுக்கப்படுவது தனிமனிதர் கையிலெடுக்கும் வன்முறை. நீதிமன்றம் செல்வது அல்ல. காயத்தை மேலோட்டமாகக் கட்டிவிட்டுச் சமாதானம் என்று அறிவிப்போரை எரேமியா 6:14 கண்டிக்கிறது.

மதிப்பீடு

இவ்வாறு வாசித்தாலும் முரண் முழுவதும் தீர்ந்துவிடுவதில்லை. மலைப்பிரசங்கம் கண்ணுக்குக் கண் என்ற விதியைச் சொல்லிக்காட்டியே அதைத் தாண்டிப் போகிறது. ஆனால் அந்தப் பேச்சு அடிபட்டவரை நோக்கியது. மன்னிப்பது அவர் எடுக்கும் முடிவு. அடித்தவரோ அருகில் நிற்பவரோ அதை அவரிடம் கேட்டுப் பெறும் உரிமை அந்த வசனத்தில் இல்லை. துக்க வீட்டில் மறு கன்னத்தைப் பற்றிப் பேசுபவர், ஆலை உரிமையாளரிடம் மாட்டின் சட்டத்தையும் வாசித்துக் காட்ட வேண்டும்.