பாலக்கரையும் பாலக்கறையும்

திருச்சி பாலக்கரை ரவுண்டானாவில் நின்றுகொண்டு, கைப்பேசியில் ஆங்கில எழுத்துகளைத் தட்டி அந்த இடத்தின் பெயரைத் தமிழில் வரவழைத்துப் பாருங்கள். விசைப்பலகைக்கு மேலே ஒரு பட்டையில் பாலக்கரை, பாலக்கறை, பாலகரை என்று வடிவங்கள் வரிசைகட்டும். எது முதலில் நிற்கும் என்பது ஒவ்வொரு கைப்பேசிக்கும் மாறும். முன்பு அதில் எது தொடப்பட்டதோ அதைப் பொறுத்தது. அவசரத்தில் இருப்பவர் முதலில் நிற்பதைத் தொட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகிறார். உறையூர் உரையூர் ஆகிறது. மலைக்கோட்டை ஒற்றை இழந்து மலைகோட்டை ஆகிறது. மேலப்புதூருக்கும் அதே கதிதான்.

இணையத் தமிழில் மலிந்துவிட்ட பிழைகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் எழுதுகிறவரைக் குறை சொல்வார்கள். பள்ளியில் ஒழுங்காகப் படிக்கவில்லை, ஆங்கில வழியில் படித்தவர், தாய்மொழியில் அக்கறை இல்லாதவர் என்று காரணங்கள் அடுக்கப்படும். இவற்றில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் தமிழில் முதுகலை முடித்தவர் கைப்பேசியில் அனுப்பும் செய்தியிலும் இதே பிழைகளைப் பார்க்கிறோம். அவரே தாளில் பேனாவால் எழுதினால் அவை வருவதில்லை. ஆகவே எழுதுகிறவரை விசாரிப்பதற்கு முன் எழுதும் முறையை விசாரிக்க வேண்டும். ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழைத் தேர்ந்தெடுக்கும் ஒலிபெயர்ப்பு முறையைத்தான் சொல்கிறேன்.

அந்த முறை செய்த நன்மையை முதலில் சொல்வதுதான் நியாயம். 1990-களில் கணினியில் தமிழ் எழுதுவது ஒரு சிலருக்கு மட்டுமே தெரிந்த கைத்தொழிலாக இருந்தது. எழுத்துருவுக்கு ஒரு குறியேற்றம் என்று ஆளாளுக்கு வைத்திருந்தார்கள். ஒருவர் அனுப்பிய கடிதம் இன்னொருவர் திரையில் புரியாத குறிகளாக விரியும். மலேசியாவின் முத்து நெடுமாறன் 1980-களில் தொடங்கிய முரசு அஞ்சல், பிறகு வந்த அழகி, எ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர், 2005-ல் கைப்பேசிக்கு வந்த செல்லினம் ஆகியவை எல்லாம் வழிதிறந்தன. எல்லாருக்கும் பொதுவான குறியேற்றமாக ஒருங்குறி (யூனிகோட்) பரவி, 2010-ல் தமிழ்நாடு அரசும் அதை ஏற்றது. இந்த மென்பொருள்களில் பலவும் ஒலிபெயர்ப்பு முறைக்கு இடம் கொடுத்தன. அந்த முறையைத்தான் மக்கள் பிடித்துக்கொண்டார்கள், ஏனென்றால் புதிதாக எதையும் கற்க வேண்டியதில்லை.

இன்று காந்தி மார்க்கெட் மண்டிக்காரர் சரக்கு வந்துவிட்டதைத் தமிழில் தெரிவிக்கிறார். துபாயில் வேலை பார்க்கும் மகனுக்கு வரகனேரியில் இருக்கும் அம்மா தமிழில் பதில் போடுகிறார். இவர்களுடைய முந்தைய தலைமுறை பள்ளியை விட்ட பிறகு கையெழுத்துப் போடுவதைத் தவிர எதையும் எழுதியிருக்காது. தமிழ் வரலாற்றில் இத்தனை பேர் நாள்தோறும் எழுதிய காலம் வேறில்லை என்றே நினைக்கிறேன். பிழைகளைப் பார்த்து மனம் நொந்து, இந்த முறையே வேண்டாம் என்கிறவர்கள் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இது இல்லையென்றால் அந்தச் செய்திகள் பிழையில்லாத தமிழில் வந்திருக்காது. ஆங்கில எழுத்திலேயே தமிழ் ஓடிக்கொண்டிருக்கும்.

இனிக் கேடு. தமிழ் ஒலிக்கிறபடியே எழுதப்படும் மொழி என்று பெருமையாகச் சொல்கிறோம். பெரும்பகுதி உண்மைதான். ஆனால் ர, ற இரண்டுக்கும் இன்றைய பேச்சில் அநேக இடங்களில் வேறுபாடு இல்லை. குமரி மாவட்டம் போன்ற சில பகுதிகளில் மிஞ்சியிருக்கிறது. திருச்சியில் கரையும் கறையும் காதுக்கு ஒன்றுதான். ன, ண வேறுபாடும் பேச்சில் மங்கிவிட்டது. ழகரம் பலர் வாயில் ளகரமாகிவிட்டது. ஆகவே இந்த எழுத்துகளைச் சரியாக எழுதுகிறவர் காதை நம்பி எழுதவில்லை. கண் பார்த்துப் பார்த்து, கை எழுதி எழுதி மனத்தில் பதிந்த வடிவத்தைத்தான் எழுதுகிறார். 'அறை' என்று எழுதும்போது கை றகரத்தின் வளைவைப் போட்டே தீர வேண்டும். அந்த நொடியில் எழுதுகிறவர் ஒரு முடிவு எடுக்கிறார்.

ஒலிபெயர்ப்பு முறை அந்த முடிவை அவர் கையிலிருந்து எடுத்துவிடுகிறது. ஆங்கிலத்தின் ஒரே எழுத்தை ரகரத்துக்கும் றகரத்துக்கும் தட்டுகிறோம். ந, ன, ண மூன்றுக்கும் ஒன்று, ல, ள இரண்டுக்கும் ஒன்று. முடிவு இயந்திரத்துடையது, நமக்கு மிஞ்சுவது ஒப்புதல் மட்டும். எழுதுவதும் எழுதப்பட்டதைப் பார்த்துச் சரி என்று தலையாட்டுவதும் மூளைக்கு ஒரே வேலை அல்ல. பத்து ஆண்டுகள் இப்படித் தலையாட்டியே பழகியவருக்கு, தாளில் எழுத உட்கார்ந்தால் 'பள்ளி'யா 'பல்லி'யா என்று ஒரு கணம் கை நிற்கும். அதைவிடக் கவலை தருவது, ஒருமுறை தவறாகத் தொட்ட சொல்லைக் கைப்பேசி நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த முறை அதையே முன்னால் நீட்டுவது. தவறு தன்னைத்தானே வளர்த்துக்கொள்கிறது.

ஆங்கிலத்தின் 26 எழுத்துக்குள் தமிழை அடக்குவதில் அரசே தடுமாறியதை 2020-ல் பார்த்தோம். ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றும் ஆணை 1,018 ஊர்களுக்கு அந்த ஆண்டு ஜூனில் வெளியாகி, சில நாள்களிலேயே திரும்பப் பெறப்பட்டது.

எழுதுகருவி எழுத்தை மாற்றுவது புதிதல்ல. பனையோலையில் எழுத்தாணியால் புள்ளி வைத்தால் ஓலை கிழியும் என்று ஏடெழுதியவர்கள் புள்ளியை விட்டார்கள். எ, ஏ வேறுபாடும் ஒ, ஓ வேறுபாடும் அதனால் குழம்பிக் கிடந்தன. திருச்சிக்கு வடகிழக்கே, கொள்ளிடத்துக்கு அப்பால் ஏலாக்குறிச்சியில் வாழ்ந்த வீரமாமுனிவர் 18-ஆம் நூற்றாண்டில் நெடிலுக்குத் தனி வடிவம் கொடுத்து அந்தக் குழப்பத்தைத் தீர்த்தார். ஆனால் ஏடெழுதியவருக்குத் தான் எந்தப் புள்ளியை விடுகிறோம் என்பது தெரியும். படிக்கிறவரும் அதை வைத்துப் படிக்கப் பயின்றிருந்தார். இன்று விட்டது என்னவென்று விட்டவருக்கே தெரிவதில்லை.

ஒற்றுப் பிழைகளிலும் கருவியின் பங்கு பெரிது. இதை யாரும் போதிய அளவு பேசியதாகத் தெரியவில்லை. 'கடைக்குப் போனேன்' என்று எழுத வேண்டும். முதல் சொல்லைத் தட்டி, பட்டையில் வந்த 'கடைக்கு' என்பதைத் தொட்டதும் இடைவெளி தானாக விழுந்துவிடும். அடுத்த சொல்லைத் தட்டும்போதுதான் அங்கே பகரம் வருகிறது என்பது மனத்தில் படும். ப் சேர்க்க வேண்டுமென்றால் இடைவெளியை அழித்து, மூடிவிட்ட சொல்லைத் திறந்து, மெய்யைப் போட்டு, மறுபடியும் இடைவெளி விட வேண்டும். விதி தெரிந்தவரும் இந்தச் சள்ளைக்கு அஞ்சி விட்டுவிடுகிறார். சந்தி இரண்டு சொற்கள் கூடும் இடத்தில் நடப்பது. இந்த முறையோ ஒவ்வொரு சொல்லையும் தனியே முடித்துக் கதவைச் சாத்திவிடுகிறது.

இதற்கு மாறாகத் தமிழ் 99 விசைப்பலகையைப் பாருங்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டை ஒட்டித் தரப்படுத்தப்பட்டது. உயிர்கள் இடக்கைக்கு, மெய்களில் பெரும்பாலானவை வலக்கைக்கு. றகரம் மேல் வரிசையில், ரகரம் கீழ் வரிசையில். ளகரத்துக்கு விரல் மேலே போக வேண்டும், லகரத்துக்குக் கீழே இறங்க வேண்டும், ழகரம் கீழ் வரிசையின் வலக்கோடியில். ஒவ்வோர் எழுத்துக்கும் விரல் வேறு திசையில் நகர்வதால் பேனா செய்த வேலையில் பாதியை இது மீட்டுத் தருகிறது. இன்னொன்று, ககரத்தை இருமுறை தட்டினால் முதல் ககரத்துக்குப் புள்ளி தானே விழும். ஙகரத்தை அடுத்துக் ககரம் வந்தாலும், ணகரத்தை அடுத்து டகரம் வந்தாலும், னகரத்தை அடுத்து றகரம் வந்தாலும் அப்படியே. இன எழுத்து என்று இலக்கணம் சொன்னதை விசைப்பலகைக்குள் வைத்த வடிவமைப்பு இது. இருந்தும் பொதுமக்கள் இதன் பக்கம் வரவில்லை. முதல் சில வாரங்கள் விரல்கள் தடுமாறும். அந்தப் பொறுமைக்கு அன்றாட வாழ்வில் இடமில்லை. அவர்கள் மேல் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

திருத்துகிறவர்களைப் பற்றியும் பேச வேண்டும். யாராவது நான்கு வரி எழுதினால் கருத்தை விட்டுவிட்டு ஒற்றைப் பிடித்துக்கொள்ளும் வழக்கம் வளர்ந்திருக்கிறது. அவர்களுடைய மொழிப்பற்றில் எனக்கு ஐயமில்லை. ஆனால் எல்லாப் பிழையையும் ஒரே எடையில் நிறுத்துகிறார்கள். ஸ்ரீரங்கத்துக்காரரான எழுத்தாளர் சுஜாதாவின் புகழ்பெற்ற நூல் 'ஸ்ரீரங்கத்து தேவதைகள்' என்ற பெயரில்தான் வந்தது. விதிப்படி 'ஸ்ரீரங்கத்துத்' என்று இருக்க வேண்டும். அந்த ஒற்று இல்லாததால் எந்த வாசகரும் பொருள் மயங்கவில்லை. 'வாழ்த்துக்கள்' என்று எழுதினால் கள் என்ற மதுவைக் குறிக்கும் என்று பயமுறுத்துவதும் இப்படித்தான். 'வாழ்த்துகள்' என்பதற்கு இலக்கண நியாயம் இருக்கிறது, நானும் அப்படித்தான் எழுதுகிறேன். ஆனால் முந்தைய தலைமுறையின் நல்ல உரைநடையில் 'எழுத்துக்கள்' தாராளமாக உண்டு. 'வந்துட்டேன்', 'இன்னிக்கு' என்று நண்பருக்கு எழுதுவது பிழையே அல்ல; அது பேச்சு வழக்கு, அதற்குரிய இடத்தில் இருக்கிறது.

இந்தக் கண்டிப்பு இன்னொரு கேட்டையும் கொண்டுவந்திருக்கிறது. திட்டு வாங்கியவர்கள் பயந்துபோய்க் கண்ட இடத்தில் எல்லாம் ஒற்றைப் போடத் தொடங்கினார்கள். 'படித்தப் புத்தகம்', 'வந்தப் பின்'. பெயரெச்சத்துக்குப் பின் வல்லினம் மிகாது என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. ஒற்று விட்டால் இழிவு என்று மட்டுமே சொன்னார்கள்.

பொருளைக் கெடுக்கும் இடங்களில்தான் கண்டிப்பு வேண்டும். அண்ணன் பாலக்கரையில் 'கடை பிடித்தார்' என்றால் வாடகைக்கு இடம் எடுத்தார். நோன்பைக் 'கடைப்பிடித்தார்' என்றால் வழுவாமல் இருந்தார். இரண்டாவதைக் குறிக்க முதல் வடிவத்தை எழுதுவது செய்தித் தலைப்பிலேயே வருகிறது. 'தந்த பலகை' யாரோ கொடுத்தது, 'தந்தப் பலகை' யானைத் தந்தத்தால் ஆனது. ர, ற மாறினாலும் ல, ள, ழ மாறினாலும் சொல்லே வேறாகிவிடுகிறது. அங்கே விட்டுக்கொடுக்கவே கூடாது. 'விலைகள் உயர்ந்துள்ளது' என்பது போன்ற ஒருமை பன்மை மயக்கமும் அப்படித்தான், வாக்கியத்தின் முதுகெலும்பை முறிக்கிறது. 'சுவற்றில் எழுதாதீர்' என்பதைச் 'சுவரில்' என்று திருத்துவதும் தேவை: கிணறுதான் கிணற்றில் ஆகும், சுவர் ஆகாது.

இந்தப் பகுத்தறிதலை முன்பு செய்து வந்தவர் மெய்ப்புத் திருத்துநர். ஸ்ரீரங்கம் வாணி விலாஸ் அச்சகம் 1910-ல் ஆதிசங்கரர் நூல்களை 20 தொகுதிகளாக வெளியிட்டது. அந்த அளவு வேலையை ஓர் அச்சகம் ஏற்று நடத்திய ஊர் இது. அக்காலத் தமிழ் நூல்கள் பலவற்றின் கடைசியில் 'பிழை திருத்தம்' என்று ஒரு பக்கம் இருக்கும். அச்சானதற்குப் பிறகும் தவறைத் தேடி வாசகருக்குச் சொல்லும் பொறுப்பு இருந்தது. எழுதுகிறவருக்கும் படிக்கிறவருக்கும் நடுவே ஒரு கண் இருந்தது. இன்று விரலை எடுத்ததும் எழுத்து ஊருக்குப் போய்விடுகிறது.

பாலக்கரைப் பக்கம் ஓர் அச்சகத்தில் கணினி இயக்கும் இளைஞரிடம், பேனரில் இருந்த பிழையைக் காட்டிக் கேட்டேன். "அவங்க வாட்ஸ்அப்ல அனுப்புனத அப்படியே எடுத்துப் போடுறோம் சார். நாம மாத்துனா, எங்களக் கேக்காம ஏன் மாத்துனீங்கன்னு சண்டைக்கு வர்றாங்க" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அதே அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைக்கு மட்டும் இன்னும் தாளில் மெய்ப்பு எடுத்துக் கொடுக்கிறார்கள். பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் உட்கார்ந்து ஒவ்வொரு பெயரையும் முன்னெழுத்தையும் விரலால் தொட்டுப் படித்துக் கையெழுத்துப் போட்ட பிறகே அச்சு ஏறுகிறது. சொந்தக்காரர் பெயரில் ஒரு புள்ளி போனாலும் மனத்தாங்கல் வரும் என்பதால் அங்கே நேரம் கிடைக்கிறது.

மென்பொருளும் இப்போது ஓரளவு கைகொடுக்கிறது. நீச்சல்காரன் உருவாக்கிய வாணி என்ற கருவி எழுத்துப் பிழையையும், நாவி என்ற கருவி சந்திப் பிழையையும் காட்டும். மொழியியல் பேராசிரியர் ந. தெய்வசுந்தரத்தின் மென்தமிழ் சொல்லாளர் நீண்ட நாள் உழைப்பில் உருவானது. இவற்றுக்கும் எல்லை உண்டு. தமிழில் ஒரே வினையடி காலம், இடம், பால், எச்சம், துணைவினை என்று சேர்ந்து எண்ணற்ற வடிவம் எடுக்கும். சொற்பட்டியலை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சோதிக்க முடியாது. கரையும் கறையும் இரண்டுமே அகராதிச் சொற்கள் என்பதால், மாறிப்போனாலும் சொல்லை மட்டும் பார்க்கும் கருவி பேசாமல் விட்டுவிடும். குரலால் எழுதும் வசதி 2017-ல் கூகுள் வழியாகத் தமிழுக்கும் வந்தது. ல, ள, ழ தெரியாதவருக்கு அது பல நேரம் சரியான சொல்லைத் தருகிறது. ஊர்ப்பெயரிலும் ஆள்பெயரிலும் தடுமாறுகிறது.

வீட்டாருக்கும் நண்பருக்கும் எழுதுகிறவரிடம் எதையும் நான் கேட்கமாட்டேன், அவர் எழுதட்டும். ஊரார் படிக்க எழுதுகிறவர்களிடம் கேட்கிறேன். செய்தியாளர்கள், அலுவலக அறிவிப்பு தயாரிப்பவர்கள், வினாத்தாள் அடிக்கும் ஆசிரியர்கள், அச்சகங்களில் கணினி இயக்குகிறவர்கள் தமிழ் 99 பழக வேண்டும். சில வாரத் தடுமாற்றத்தைத் தாங்கக் காரணம் அவர்களுக்கு உண்டு, அது அவர்கள் தொழில். அச்சகங்கள் கல்யாணப் பத்திரிகைக்குச் செய்வதைப் பேனருக்கும் செய்யலாம். படமாக அனுப்பி 'ஓகே' வாங்குவதற்குப் பதில், பத்து நிமிடம் வாடிக்கையாளரை உட்கார வைத்து, தாளில் எடுத்ததைப் படிக்கச் சொல்லி, கையெழுத்து வாங்கிக்கொண்டு இயந்திரத்தை ஓட்டலாம்.