கட்டி முடியாத வீடு

வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைப் பண்ணிப் பார் என்பது நம் முன்னோர் வாக்கு. இவ்விரண்டில் முன்னதன் துயரைத் திரையில் வடித்த படம், பாலு மகேந்திராவின் 'வீடு' (1988). அதைப் பார்க்குந்தோறும் என் நினைவுக்கு வருவது, ஃபிராங்க் காப்ரா 1946இல் உருவாக்கிய 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' என்னும் அமெரிக்கப் படம். காலத்தாலும் கடலாலும் பிரிந்த இவ்விரு படைப்புகளும் கேட்கும் கேள்வி ஒன்றே: எளியவனுக்கு ஒரு கூரையைத் தருவது யார் கடமை?

1945இல் போர் முடிந்து வீடு திரும்பிய அமெரிக்க வீரர்களுக்குக் குடியிருக்க இடமில்லை. 1944ஆம் ஆண்டுச் சட்டமொன்று அவர்களின் வீட்டுக் கடனுக்கு அரசின் உத்தரவாதத்தை அளித்தது. நியூயார்க்கை அடுத்த லெவிட்டவுனில் 1947 முதல் 1951 வரை பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள், ஒரே அச்சில் வார்த்தாற்போல் எழுந்தன. வாசலில் மகிழுந்து, கூடத்தில் தொலைக்காட்சி என்னும் புறநகர் வாழ்வு உலகின் கனவாயிற்று. ஆயின் அக்கனவுக்கு ஒரு வேலியும் இருந்தது. வெள்ளையரல்லாதார் அங்குக் குடியிருக்கலாகாது என்னும் விதி, தொடக்கக் கால ஒப்பந்தங்களிலேயே எழுதப்பட்டிருந்தது. இத்தகைய விதிகளை நீதிமன்றங்கள் செயற்படுத்தலாகாது என்று 1948இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னும், கறுப்பினத்தவர்க்கு வீடு விற்க அந்நிறுவனம் மறுத்தே வந்தது.

காப்ராவின் நாயகன் ஜார்ஜ் பெய்லி, சிற்றூரொன்றில் வீட்டுக் கடன் சங்கம் நடத்துபவன். குடிக்கூலியால் ஏழைகளைப் பிழியும் செல்வன் பாட்டரை எதிர்த்து நிற்பவன். இத்தாலியிலிருந்து குடியேறிய மார்ட்டினி குடும்பம் புதுவீடு புகும்போது, ஜார்ஜும் அவன் மனைவியும் வாசற்படியில் அப்பமும் உப்பும் திராட்சை இரசமும் தந்து வாழ்த்தும் காட்சி, நம் புதுமனை மந்திரிப்பை நினைவூட்டும். பணம் தொலைந்து, உயிரையே விடத் துணிந்த ஜார்ஜை, கிறிஸ்து பிறப்பு இரவில் அவ்வூர் மக்களின் காசுகளே காப்பாற்றுகின்றன. வெளிவந்தபோது போதிய வருவாய் ஈட்டாத இப்படம், 1974இல் உரிமை புதுப்பிக்கப்படாமற்போனதால், ஆண்டுதோறும் தொலைக்காட்சி வழியே புறநகர்க் கூடங்களுக்குள் புகுந்து, ஒரு பண்டிகை மரபாகவே ஆயிற்று.

பாலு மகேந்திராவின் சுதாவுக்கு (அர்ச்சனா) அத்தகைய ஊர் வாய்க்கவில்லை. வாடகை வீட்டைக் காலிசெய்யச் சொன்னதும், தாத்தாவோடும் தங்கையோடும் அவள் சென்னைத் தெருக்களில் வீடு தேடி அலைகிறாள். மனை ஒன்றை விற்று மற்றொன்றில் கட்டத் தொடங்கினால், ஒவ்வொரு மேசையும் கை நீட்டுகிறது. ஒப்பந்தக்காரன் சிமெண்டைத் திருடி விற்கிறான். சொக்கலிங்க பாகவதர் நடித்த தாத்தா, பாதி எழுந்த சுவர்களைக் கண் நிறையக் கண்டு திரும்பும் வழியில் உயிர் துறக்கிறார். இறுதியில், அந்நிலமே குடிநீர் வாரியத்துக்குரியது என்று அதிகாரி வந்து நிற்கிறார். பாடல் இல்லை, வெற்றி இல்லை, காத்திருத்தல் மட்டுமே உண்டு. அர்ச்சனாவுக்குத் தேசிய விருது பெற்றுத் தந்த இப்படத்தின் நேர்மை, கண்ணீரைக் கூட விலை பேச மறுப்பதில் இருக்கிறது.

எனினும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க இயலவில்லை. அந்தத் திருட்டைச் சுதாவுக்கு வெளிப்படுத்தி, அவளுக்குத் துணையாய் நிற்பவள் மங்கம்மா என்னும் சித்தாள். காப்ராவின் படத்திலும் பெய்லி வீட்டில் பணிபுரியும் கறுப்பினப் பெண் ஆனி, தன் சேமிப்பைக் கொண்டுவந்து கொட்டுகிறாள். லெவிட்டவுன் அவளுக்கு வீடு விற்றிராது. பிறர் கூரை நிலைக்கத் தோள் கொடுக்கும் இவ்விருவரின் கூரை எங்கே என்பது, இரு கதைகளிலும் மையத்துக்கு வருவதே இல்லை. இது கலைஞரின் குறை மட்டுமன்று. பார்த்துக் கண்கலங்கும் நம் பார்வையின் குறையுமாகும். நாம் சுதாவுக்காக அழுகிறோம். ஏனெனில் சுதா நம்மவள்.

செஞ்சியை அடுத்த இந்த வல்லம் வட்டாரத்தில் இருப்போர்க்கு மங்கம்மாவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஏரி வறண்ட ஆண்டுகளில் சென்னைக்குப் பேருந்தேறும் கொத்தனாரும் சித்தாளும் நம் ஊரார்; நம் பங்கினரும்கூட. அடுக்குமாடி எழும் வரை அதன் அடியில் தகரக் கொட்டகையில் குடியிருப்பர். அது எழுந்ததும் அடுத்த மனைக்குப் பெயர்வர். தாம் பூசிய சுவருக்குள் ஓரிரவும் உறங்கியறியார்.

தலைசாய்க்க இடமின்றித் திரிந்தவரைப் பின்பற்றுகிறோம் என்கிறோம். அடுத்த முறை புதுமனைக்கு மந்திரிப்பு நிகழும்போது, அதைக் கட்டியவர்களுள் ஒருவரேனும் அவ்விருந்தில் நம்மோடு அமர்ந்திருப்பாரா?