திரை விலகிய கதையும் செப்பேட்டு இசையும்

வேங்கடமலையின் அடிவாரத்தில் வாழ்வோர்க்குக் கதைகளுக்குப் பஞ்சமில்லை. கீர்த்தனைக்கு ஒரு கதை உண்டு. பாடகர் பாட்டைத் தொடங்குமுன் அதைச் சொல்லிவிடுகிறார். அவையும் கதைக்கே கண் கசிந்து, பாட்டு வரும்போது ஓய்ந்துவிடுகிறது. கதை வேண்டா என்பதன்று நம் கருத்து. பாட்டுக்குரிய இருக்கையில் கதை வந்து அமர்ந்துகொள்வதைத்தான் ஈண்டு ஆராயப் புகுந்தோம்.

தியாகராசர் (1767–1847) கௌளிபந்து இராகத்தில் அமைத்த ‘தெர தீயக ராதா’ என்னும் கீர்த்தனையை எடுத்துக்கொள்வோம். திருவையாற்றிலிருந்து திருமலை வந்த அவர், சந்நிதியில் திரை இடப்பட்டிருக்கக் கண்டு மனம் நொந்து பாடினார் என்றும், திரை தானே விலகிற்று என்றும், கண்குளிரக் கண்டு மத்தியமாவதியில் மற்றொரு கீர்த்தனை பாடினார் என்றும் வழங்குவர். சிறுவயது முதல் நாமும் இதைக் கேட்டு மகிழ்ந்தவர்களே.

ஆயினும் பாட்டு என்ன சொல்லுகிறது? விலக்க வேண்டும் என அவர் வேண்டும் திரை கோயில் துணியன்று. தம் நெஞ்சினுள் தொங்கும் பொறாமைத் திரை. உண்ணும் நேரத்தில் ஈ வந்து விழுவதுபோல, பசித்த மீன் தூண்டிலில் சிக்குவதுபோல, வலை என்றறியாது விலங்கினம் வந்து மாட்டிக்கொள்வதுபோலத் தம் நிலை உள்ளது என்று அவர் கூறுகிறார். ஊரார் புகழும் ஒரு பெரும் இசைவாணர் தம் அழுக்காற்றைத் தாமே அவையறியச் சொல்லுவது எளிதோ? இதுவே இக்கீர்த்தனையின் உயிர்நிலை. துணித்திரை விழுந்த அற்புதத்தோடு நாம் நிறைவடைந்துவிட்டால், இந்த வாக்குமூலம் செவியில் விழாமலே போய்விடுகிறது. கண்முன் தொங்கிய திரை பாட்டுக்குப் பொறியாக இருந்திருக்கலாம். ஆனால் பொறியே விளக்காகிவிடுமா?

தெலுங்கறியாத தமிழர், பொருளுக்கு மாற்றாகக் கதையைப் பற்றிக்கொள்வது இயல்பே. சித்தூர்ச் சீமையில் பிறந்த நமக்கு அந்தச் சாக்கு இல்லை. வட ஆர்க்காட்டின் பகுதிகளும் சேர 1911இல் அமைந்த மாவட்டம் இது. வீட்டில் ஒரு மொழி, கடைத்தெருவில் மற்றொன்று. இம்மண்ணின் சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை (1898–1975) காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளையிடம் பயின்று, 1954இல் சங்கீத கலாநிதி ஆனவர். அவர் மாணவர் மதுரை சோமசுந்தரமோ தமிழ்ப் பாட்டால் புகழ்பெற்றார். இசைக்கு எல்லைக் கல் நடுவது எப்படி?

இனி அன்னமாசாரியர் (1408–1503). அரசன் சாளுவ நரசிம்மன் தன்மீதும் பாடுமாறு கேட்க, இவர் மறுக்க, விலங்கிடப்பட்டார் என்று அவர் பேரர் சின்னண்ணா எழுதிய வரலாறு கூறுகிறது. அந்த விலங்கைவிட வியப்புக்குரியது, அவர் பாடல்கள் செப்பேடுகளில் பொறிக்கப்பெற்றுத் திருமலைக் கோயிலின் சிற்றறை ஒன்றில் நெடுங்காலம் கேட்பாரற்றுக் கிடந்த செய்தியே. தில்லையில் பூட்டிய அறையில் திருமுறை ஏடுகள் கிடந்த கதை தமிழர்க்கு நினைவில் எழாமற் போகாது. 1930களில் அப்பாடல்கள் அச்சேறத் தொடங்கின. ஏட்டில் இராகத்தின் பெயர் உண்டு, சுரம் இல்லை. சொல் பிழைத்தது, மெட்டு மறைந்தது.

அவ்வாறாயின் இன்று நாம் கேட்பது யாருடைய இசை? இராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா (1893–1979) பாடல்களைப் பதிப்பித்ததோடு பலவற்றுக்கு இசையும் அமைத்தார். எம்.எஸ். சுப்புலட்சுமியின் குரலால் நாடெங்கும் பரவிய ‘நானாடி பதுகு’, ரேவதியில் ஒலிப்பது நேதுநூரி கிருஷ்ணமூர்த்தியின் மெட்டால். ‘வினரோ பாக்யமு’ பாலகிருஷ்ண பிரசாத் தந்தது. அவர் 2025இல் மறைந்தார். ஆயினும் ஐந்நூறு ஆண்டுக்கு முந்தைய இசையையே கேட்கிறோம் என்று அவையில் பலர் எண்ணுகின்றனர். அந்த மயக்கத்தைத் தெளிவிக்க மேடையில் இருப்போர் முயல்வதும் அரிது. அரியக்குடி இராமானுச ஐயங்கார் திருப்பாவைக்கு இசையமைத்ததை யாரும் மறைப்பதில்லை. அதனால் ஆண்டாளின் பெருமை இம்மியும் குறையவில்லையே! பெயரைச் சொல்லாது விடுவது பக்தியாகாது, உழைத்தவரை மறப்பதாகும். இதில் நாம் கடுமையாகப் பேசுவதாகச் சிலர் கருதலாம்; கருதட்டும்.

திருமலை அடிவாரத்திலும் சித்தூரிலும் ஆண்டுதோறும் நிகழும் இசை விழாக்களின் நிரலில், பாட்டின் முதலடிக்குப் பக்கத்தில், ஏட்டில் கண்ட இராகம், இப்போது பாடும் இராகம், மெட்டமைத்தவர் பெயர் ஆகியவற்றை அச்சிட ஒரு வரி இடம் போதும். தெலுங்குப் பாடலின் பொருளை இரண்டு வரியில் தமிழில் தரவும் நம்மிடையே புலவர் உளர். கதையை அதன்பின் சொல்லட்டும். நாமும் அமர்ந்து கேட்போம்.