எலுமிச்சைச் சட்டமும் கேரவன் ஓனரும்

நம்ம ஊரில் எலுமிச்சம்பழம் புது வண்டியின் டயருக்கு அடியில் வைத்து நசுக்குவதற்கு. அமெரிக்காவில் வாங்கின நாளிலிருந்து ஒர்க்‌ஷாப்பே கதி என்று கிடக்கும் வண்டிக்குத்தான் 'லெமன்' என்று பெயர். அந்த மாதிரி வண்டியை விற்ற கம்பெனி அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைத் தர வேண்டும், அல்லது வேறு வண்டி தர வேண்டும் என்பதுதான் 'லெமன் லா'. 1982-இல் கனெக்டிகட் மாநிலம் முதலில் கொண்டுவந்தது, மற்ற மாநிலங்கள் பின்னாலேயே வந்தன.

இந்தியாவில் இப்படி ஒன்று இல்லையே என்று கேட்டால் தயாராக ஒரு பதில் வரும். "2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கு, ரீகால் சட்டமும் வந்தாச்சு, தனியா எதுக்கு?" இந்தப் பதிலை ஒரு கேரவனில் ஏற்றி ஓட்டிப் பார்ப்போம்.

கேரவனை எடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. வெளிநாட்டில் மோட்டார்ஹோம் என்றால் ரிடையர் ஆனவர்கள் ஊர் சுற்றும் வீடு. தமிழ்நாட்டில் கேரவன் என்றால் ஷூட்டிங்தான். பூந்தமல்லி தாண்டி செம்பரம்பாக்கத்தில் ஃபிலிம் சிட்டி இருப்பதால் இந்தப் பக்கத்து ஆட்களுக்கு அது ஒன்றும் அதிசய வண்டி இல்லை. அதை நட்சத்திரங்கள் வாங்கி வைத்துக்கொள்வதைவிட, வாடகைக்கு விடுகிறவர் கடன் போட்டு வாங்குவதுதான் அதிகம். அடிப்படை வண்டி ஒரு கம்பெனியுடையது. உள்ளே படுக்கை, பாத்ரூம், வயரிங் எல்லாம் பாடி கட்டுகிறவர் வேலை. ஏசி, ஜெனரேட்டர் இன்னொருத்தர் தயாரிப்பு. இப்படி மூன்று பேர் சேர்ந்து செய்த பொருளில் கோளாறு வந்தால் என்ன நடக்கும் என்பது தெரிந்த கதைதான். வண்டிக் கம்பெனி பாடி கட்டினவரைக் கை காட்டும், அவர் ஏசிக்காரரைக் கை காட்டுவார். டியூ மட்டும் மாசாமாசம் சரியாக வந்து நிற்கும்.

அம்பத்தூரில் ஒருத்தர் 30 லட்சம் செலவில் அப்படி ஒன்று வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாசத்தில் எட்டுத் தடவை ஒர்க்‌ஷாப் வாசல். அவருக்கு நம் சட்டத்தில் என்ன இருக்கிறது?

முதலில் ரீகால். 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தில் 110ஏ என்ற பிரிவு சேர்ந்தது, அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கின்றன. படிக்க அருமையாக இருக்கும். முழு விலையைத் திருப்பித் தருவது, வண்டியை மாற்றித் தருவது எல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் அது சுற்றுச்சூழலுக்கோ, ஓட்டுபவருக்கோ, சாலையில் போகிறவருக்கோ ஆபத்து விளைவிக்கும் பழுதுக்கானது. ஒரே ரக வண்டி வைத்திருப்பவர்களில் குறிப்பிட்ட சதவீதம் பேர் புகார் செய்தால் அரசு அசையும், இல்லையென்றால் சோதனை மையமோ வேறு வழியோ தகவல் தர வேண்டும். ஒவ்வொன்றும் ஒரு தினுசாகக் கட்டப்படும் கேரவனில் சதவீதத்துக்கு எங்கே போவது? ஏசி ஓடவில்லை என்பது சாலை ஆபத்தும் இல்லை. ரீகால் சட்டம் ஒரு மாடலைப் பற்றியது, லெமன் லா ஒரு வண்டியைப் பற்றியது. இரண்டையும் ஒன்றாகப் பேசுவது தப்பு.

அடுத்து, 2019 நுகர்வோர் சட்டத்தில் புதிதாக வந்த 'பொருள் பொறுப்பு' அத்தியாயம். இதைத்தான் பலர் "நம்ம லெமன் லா" என்கிறார்கள். அதே சட்டத்தின் 2(22) பிரிவைப் படித்திருந்தால் அப்படிச் சொல்லமாட்டார்கள். அந்த அத்தியாயத்தில் 'தீங்கு' என்பதற்குள் பொருளுக்கே ஏற்படும் சேதம் வராது, வியாபார நஷ்டமும் வராது. அதாவது, வண்டி தீப்பிடித்துப் பக்கத்து வீட்டை எரித்தால் அந்த வீட்டுக்கு நஷ்டஈடு கேட்கலாம். வண்டி சும்மா நின்றுபோனால் அந்த அத்தியாயத்தில் ஒன்றும் இல்லை.

மிச்சம் இருப்பது பழைய பாதை: குறைபாடுள்ள பொருள் என்று நுகர்வோர் ஆணையத்தில் புகார். பழுதை நீக்கச் சொல்ல, மாற்றித் தரச் சொல்ல, பணத்தைத் திருப்பச் சொல்ல ஆணையத்துக்கு 39-ஆம் பிரிவில் அதிகாரம் உண்டு. அதிகாரம் இல்லை என்பது என் குறை அல்ல. அதை எப்போது பயன்படுத்த வேண்டும் என்பதற்குச் சட்டத்தில் கணக்கே இல்லை.

அந்த இடத்தைத் தீர்ப்புகள்தான் நிரப்பியிருக்கின்றன. 2006-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த மாருதி உத்யோக் எதிர் சுஷீல் குமார் கப்கோத்ரா வழக்கில் பிரச்சினை கிளட்ச். பழுதான பாகத்தை மாற்றினாலே சரியாகும் என்றால் முழு வண்டியையும் மாற்றித் தரச் சொல்ல வேண்டியதில்லை, வாரண்டியும் அவ்வளவுதான் சொல்கிறது என்று முடிந்தது. ஒரு கிளட்சுக்கு இது நியாயமாகவே இருக்கலாம். எட்டுத் தடவை எட்டுப் பாகம் போனால்? ஒவ்வொரு தடவையும் "இந்தப் பாகத்தை மாற்றினால் போதும்" என்ற பதில் உண்மைதான். எட்டு உண்மைகளையும் கூட்டினால் பேரீச்சம்பழத்துக்குப் போடவேண்டிய வண்டி ஒன்று வந்து நிற்கிறது. அந்தக் கூட்டலைச் செய்ய நம் சட்டத்தில் இடமில்லை.

கலிஃபோர்னியா சட்டம் செய்வது அந்தக் கூட்டலைத்தான். முதல் 18 மாசம் அல்லது 18,000 மைலுக்குள் அதே பழுதுக்கு நான்கு முறை ரிப்பேர், உயிருக்கு ஆபத்தான பழுதென்றால் இரண்டு முறை, அல்லது மொத்தம் 30 நாளுக்கு மேல் ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது என்றால், போதுமான வாய்ப்பு கொடுத்தாயிற்று என்று சட்டமே அனுமானித்துக்கொள்ளும். சிங்கப்பூர் 2012 செப்டம்பர் 1 முதல் வேறு வழியில் போகிறது. வாங்கின ஆறு மாசத்துக்குள் தெரியவரும் பழுது டெலிவரி அன்றே இருந்தது என்று வைத்துக்கொண்டு, இல்லை என்று நிரூபிக்கும் வேலையை விற்றவரிடம் தள்ளிவிடுகிறது. நம்மிடம் அது வாங்கினவர் தலையில். பரிசோதனை இல்லாமல் பழுதைத் தீர்மானிக்க முடியாது என்றால் ஆணையம் ஆய்வகத்துக்கு அனுப்பும், கட்டணத்தைப் புகார்தாரரையே கட்டச் சொல்லலாம். பால் பாக்கெட்டை சீல் வைத்து அனுப்பலாம், 25 அடி கேரவனை எப்படி அனுப்புவது?

2010-இல் வந்த சி.என். அனந்தராம் எதிர் ஃபியட் தீர்ப்பை இங்கே சொல்லியாக வேண்டும். சுதந்திரமான தொழில்நுட்ப நிபுணர் பார்த்து, உள்ளார்ந்த உற்பத்திக் குறை இருக்கிறது என்றால் பணத்தைத் திருப்பித் தரலாம் என்று வழி காட்டியது. நல்ல வழிதான், ஆனால் அந்த நிபுணரைப் பிடிக்கிற கஷ்டம் அப்படியேதான் இருக்கிறது. ஒரகடத்தில் அரசின் வாகனச் சோதனை மையம் இருக்கிறது. நுகர்வோர் ஆணையம் எழுதினால், நிர்ணயித்த கட்டணத்தில், இத்தனை நாளுக்குள் அறிக்கை என்று ஒரு விதி போட்டால் இந்த வட்டாரத்துக்காவது பாதிப் பாரம் குறையும்.

அம்பத்தூர்க்காரருக்கு இவ்வளவு தூரம் வருவதற்குள்ளேயே கதவு மூடிவிடும் என்பதுதான் பெரிய சங்கதி. வியாபார நோக்கத்துக்கு வாங்கினவர் நுகர்வோரே இல்லை. சுயதொழில் செய்து பிழைக்க மட்டுமே வாங்கினவருக்கு விலக்கு உண்டு. அந்த விலக்கின் எல்லையை 1995-இல் லக்ஷ்மி இன்ஜினியரிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வரைந்தது. எதிர்த்தரப்பு நம்ம பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட். ஆட்டோ வாங்கித் தானே ஓட்டுகிறவர் நுகர்வோர், இன்னொருத்தர் ஓட்டுவதற்கென்று வாங்கினால் நுகர்வோர் இல்லை. கேரவனுக்கு டிரைவர் போடாமல் யார் தொழில் செய்கிறார்கள்? ஒரே ஒரு வண்டி, அதுவும் கடனில், வேறு வருமானம் கிடையாது என்றாலும் அந்த டிரைவர் ஒருத்தரை வைத்தே எதிர்த்தரப்பு வக்கீல் வாதாடுவார். ஆட்டோவையும் லேத்தையும் மனதில் வைத்து வரைந்த கோடு இது. சின்ன முதலாளி, பெரிய முதலாளி வித்தியாசம் அதற்குத் தெரியாது.

வெளியே தள்ளப்பட்டால் உரிமையியல் நீதிமன்றம், 1930-ஆம் வருஷத்துப் பொருள் விற்பனைச் சட்டம். தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டணம் 2017-இல் ஏழரை சதவீதத்திலிருந்து மூன்றாகக் குறைந்தது உண்மைதான். 30 லட்சத்துக்கு அதுவே 90,000 ரூபாய். அதைக் கட்டி உள்ளே போனாலும், சரக்கை ஏற்றுக்கொண்ட பிறகு பொதுவாக நஷ்டஈடுதான் கேட்கலாம், வண்டியைத் திருப்பிக் கொடுக்க முடியாது.

அமெரிக்கச் சட்டத்தை அப்படியே கொண்டுவந்தால் சரியாகிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. கலிஃபோர்னியா லெமன் விதியே மோட்டார்ஹோமில் ஓடுகிற பாகத்துக்குத்தான் பொருந்தும். சேஸி, இன்ஜின் உள்ளே, படுக்கையும் பாத்ரூமும் வெளியே. குடியிருக்கிற பகுதிக்குப் பொதுவான வாரண்டிச் சட்டத்தைத்தான் பிடிக்க வேண்டும். நம்ம கேரவனுக்கு வாடகை கிடைப்பதே அந்தப் பகுதியால்தான். ஏசி ஓடாத கேரவனை யார் ஷூட்டிங்குக்குக் கூப்பிடுவார்கள்? இங்கே சட்டம் எழுதுகிறவர்கள் ரிப்பேர் எண்ணிக்கையை அங்கிருந்து எடுத்துக்கொள்ளட்டும், அந்தப் பிரிவினையை எடுக்க வேண்டாம். பில் போட்டு முழு வண்டியாக டெலிவரி கொடுத்தவர் யாரோ, அவர்தான் மொத்தத்துக்கும் முதல் பொறுப்பு. ஏசிக்காரரிடமும் சேஸி கம்பெனியிடமும் அவர் பிறகு வசூல் செய்துகொள்ளட்டும்.

அதுவரை கையில் வண்டி வைத்திருப்பவர்களுக்கு: ஒவ்வொரு தடவையும் ஜாப் கார்டு வாங்குங்கள். "ஜெனரல் செக்கப்" என்று எழுதினால் விடாதீர்கள், நீங்கள் சொன்ன பழுதை நீங்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதச் சொல்லுங்கள். விட்ட தேதி, எடுத்த தேதி இரண்டும் அதில் இருக்கட்டும். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருஷம்தான் கெடு. ரிப்பேருக்கு அலைந்த நாளெல்லாம் அதில் தானாகக் கழிந்துவிடும் என்று நம்பி உட்காராதீர்கள்.